யோராமுக்கு ஈடாக நான்

பிரதமர் தன் கையால் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. குடித்துப் பார்த்தால் சர்க்கரையும் சரியாக இருந்தது. சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று. ஒன்பது வருடமாக அவர் கட்சியில் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கிறேன். நான் காபி குடிப்பேன் என்பதே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"முட்டி வலி எப்படி இருக்கு, அலீசா?" என்று கேட்டார்.

பக்கத்தில் எங்கள் கொறடா பென்சி மால்கா நின்றுகொண்டிருந்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். ஓட்டுகளை எண்ணுவதே பிழைப்பாகிப் போனவன், ஆள் முகத்தைப் பார்க்காவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். முட்டி பரவாயில்லை, விஷயத்துக்கு வாருங்கள் என்றேன்.

விஷயம் அன்று மாலை நான்கு மணி வாக்கெடுப்பு. ஷ்டார்க்கின் ஊர்க்காவல் சட்டம்.

எலியாகிம் ஷ்டார்க் மதில் கட்சியின் தலைவர். காவல் துறை அமைச்சர். ஆறே ஆறு இடங்களை வைத்துக்கொண்டு எங்கள் அரசின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அவர் கேட்டது இதுதான்: ஊருக்கு ஊர் தொண்டர் படை, அவர்கள் கையில் துப்பாக்கி, தெருவில் யாரையும் நிறுத்திப் பிடிக்க அதிகாரம், கேள்வி கேட்க அமைச்சரைத் தவிர வேறு ஆள் கிடையாது. தளபதிகளுக்கு அது பிடிக்கவில்லை. அரசு வழக்கறிஞருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கர்களோடு பேசும்போது எங்கள் பிரதமருக்கும் பிடிக்காது. ஷ்டார்க்கோடு பேசும்போது ஷ்டார்க்கைவிட அதிகமாகப் பிடிக்கும். இன்று சட்டம் நிறைவேறாவிட்டால் நாளை அரசில் இருக்க மாட்டேன் என்று ஷ்டார்க் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார்.

எனக்கும் அது பிடிக்கவில்லை. நான் ராம்லேக்காரி. என் மாடிப்படியை நானும் மேல்வீட்டு அரபுக்காரி உம் நிஸாரும் முறை வைத்துக் கழுவுகிறோம். போன கலவரத்தில் எங்கள் யூதப் பையன்கள் ஒரு பக்கமிருந்தும் அவர்கள் பையன்கள் மறுபக்கமிருந்தும் கல்லோடு வந்தபோது, நாங்கள் இருவரும் படிக்கட்டுக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றோம். அப்படிப்பட்ட தெருவில் ஷ்டார்க்கின் தொண்டர்கள் துப்பாக்கியோடு நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கை தூக்கத் தயாராகத்தான் இருந்தேன். அடுத்த மாதம் கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல். எங்கள் நாட்டில் தொகுதி கிடையாது, கட்சிப் பட்டியலில் மேலே இருப்பவர்தான் நாடாளுமன்றத்துக்குள் போவார். பட்டியலில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பது பிரதமரின் ஒரு தலையசைப்பில் இருந்தது. நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன் ராம்லே நகராட்சியில் குப்பைப் புகார் வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த மேசைக்கு மறுபடி போவதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஏதோ ஒரு மேசைக்குப் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"யோராம் லெஹ்மனோட அண்ணன் செத்துப்போயிட்டாரு. அவன் ஏழு நாள் துக்கத்துல உட்காந்திருக்கான். ஈடு கேட்டிருக்காங்க. உன்னைக் கொடுத்திருக்கோம்" என்றார் பிரதமர்.

ஈடு என்பது எங்கள் கட்டடத்தின் பழைய வழக்கம். எதிர்க்கட்சியில் ஒருவர் சாவு, பிரசவம், ஆபரேஷன் என்று வர முடியாமல் போனால், ஆளும் பக்கத்தில் ஒருவரும் ஓட்டுப் போடாமல் வெளியே நிற்பார். எங்கள் ஆளுக்கு வந்தால் அவர்கள் ஆள் நிற்பார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. சொன்ன சொல்தான். அங்கே இன்னும் சொல்லை நம்பி நடக்கிற காரியம் அது ஒன்றுதான் மிச்சம். என் முட்டி ஆபரேஷனுக்கு ஈடாக நின்றவன் இதே யோராம்தான். அன்று நடந்தது பட்ஜெட் வாக்கெடுப்பு. அவன் கட்சிக்காரர்கள் நச்சரித்தும் அவன் உள்ளே போகவில்லை.

ஆகவே ஈடு நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிரதமர் அடுத்துச் சொன்னதுதான் இடித்தது. நானும் யோராமும் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒரு ஓட்டு அதிகம். அவன் மட்டும் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் மசோதா விழும். கடைசி நிமிடத்தில் அவனைத் துக்கத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவர அவர்கள் திட்டம் போட்டிருப்பதாகக் காதில் விழுந்ததாம். நான் போய் அவன் எதிரில் உட்கார வேண்டும். அவன் எழுந்தால் பென்சிக்குப் போன் பண்ண வேண்டும்.

நான் இங்கேயே இருக்கிறேன், அவன் வந்தால் நானும் உள்ளே வந்து ஓட்டுப் போடுகிறேன் என்றேன். அதுதானே சுலபம்.

"நீ இங்க நடமாடுறத அவங்க பாத்தா, ஈட்ட மீறிட்டோம்னு கூச்சல் போட்டு அவன இழுத்துட்டு வந்துருவாங்க. நீ அவன் கண் முன்னாடி இருந்தாத்தான் பத்திரம், கண்ணு" என்றார். பிறகு போகிறபோக்கில், பட்டியலில் ஒரு நல்ல எண்ணை எனக்காக யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

நடைபாதையில் ஷ்டார்க் எதிரே வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் நிறைய அக்கா என்பார், கண் மட்டும் நம் பையைத் துழாவும்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

துக்கம் விசாரிக்க என்றேன். பக்திமான், அதைத் தடுக்க முடியாது. யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். யோம் கிப்பூர் விரதத்தன்றைக்கே சாண்ட்விச் தின்கிறவனுக்குத் துக்கம் ஒரு கேடா என்று சிரித்துவிட்டு, நாலு மணிக்குள்ள வந்துருவீங்கல்ல என்றார். இவருக்கு ஈடு விஷயம் தெரியாதா? அல்லது தெரிந்துகொண்டே என்னை ஆழம் பார்க்கிறாரா? தலைவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் நுழைந்தேன்.

யோராமின் வீடு மோட்சாவில், நெடுஞ்சாலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருக்கிறது. வழியில் பேரீச்சையும் பாதாமும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டேன். அவன் கார் வாசலுக்குள் நின்றது. என் காரை அதன் வால் பக்கம் குறுக்கே ஒட்டி நிறுத்தினேன். எழுந்து ஓடுகிறவன் நடந்து ஓடட்டும்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் துக்க வழக்கப்படி கண்ணாடிமேல் ஒரு குளியல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். யோராம் தாழ்வான முக்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தான். அவன் கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் காகிதக் கப்பில் காபியோடு சுற்றி இருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. துக்க வீட்டில் துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கதவோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனை நன்றாகப் பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க எதுவும் சரியாகப் படவில்லை. முதலாவது, செத்துப்போன அண்ணன் அம்னோன் மலைமேல் ஒரு குடியேற்றத்தில் வாழ்ந்தவர். மனைவி, பிள்ளைகள் எல்லாம் அங்கே. துக்கம் அங்கேதானே நடக்க வேண்டும்? இவன் மட்டும் ஏன் நாடாளுமன்றத்துக்குக் கால் மணி தூரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்? இரண்டாவது, சட்டை. அடக்கத்தின்போது சட்டையைக் கிழிக்கிறோமே, பெற்றவர்களுக்கு மட்டும்தான் இடப்பக்கம், இதயத்துக்கு மேலே. கூடப்பிறந்தவர்களுக்கு வலப்பக்கம். இவன் இடப்பக்கம் கிழித்திருந்தான். அடக்கத்தில் நின்று மதகுரு ரபியின் கையால் கிழித்துக்கொண்டவனுக்கு இந்தத் தப்பு வராது. வீட்டில் கத்தரிக்கோல் எடுத்துக் கிழித்துக்கொண்டவனுக்குத்தான் வரும். இவனுக்கு அண்ணன் செத்ததே உண்மைதானா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, என் புத்தி அப்படி.

யோராம்தான் முதலில் பேசினான். "என்ன அலீசா, காவலுக்கு வந்தியா?"

"ஆமா."

அவன் சிரித்தான். அவன் ஆட்கள் சிரிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. நீ இங்க உட்காந்திருக்கிற வரைக்கும் அங்க ஓட்டுப் போட மாட்டே. எனக்கும் நிம்மதி. பாதாம் கொண்டாந்தியா? நீரா, அத இப்படிக் கொடு. அலீசா வீட்டுல துக்கம்னா கல்யாணம் மாதிரி சாப்பாடு இருக்கும். நாமதான் வெறும் பிஸ்கட்."

மூன்று மணிக்கு மேல் அவன் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாகப் போனவர் குனிந்து யோராமின் காதில் ஏதோ சொன்னார். யோராம் தலையை ஆட்டினான். ஆமென்று ஆட்டினானா, இல்லையென்று ஆட்டினானா? நான் நாற்காலியைக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினேன். அவன் மனைவி நீரா அதைக் கவனித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் வீட்டில் நான் இப்படி நடந்துகொண்டது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். கேட்டே விட்டேன்.

"யோராம், அண்ணனுக்கு வலது பக்கம்ல கிழிக்கணும்?"

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான்.

"ரபியும் அதத்தான் கத்துனாரு. அப்பா செத்தப்ப எனக்கு நாலு வயசு. என்னை வளத்தது அம்னோன்தான். வலது பக்கம் கிழிங்கன்னு அவர் பிளேடைக் கொண்டு வந்தாரு. நான் பிடுங்கி நானே இங்க கிழிச்சுட்டேன். அம்னோன் பசங்க ஒரு மாதிரிப் பாத்தாங்க."

பிறகு தானாகவே சொன்னான். அம்னோன் மதில் கட்சிக்காரர். ஷ்டார்க்கின் கூட்டத்துக்கு முதல் வரிசை ஆள். பதினோரு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அம்னோனின் மூத்த மகன் அடக்கம் முடிந்ததும் கல்லறை வாசலிலேயே சொல்லிவிட்டானாம், சித்தப்பா, அடக்கத்துக்கு வந்தீங்க, நன்றி, துக்கத்துக்கு எங்க வீட்டுக்கு வர வேண்டாம் என்று. ஆகவே இங்கே தனியாக.

"அண்ணனுக்கு எதிரா எத்தனையோ தடவை ஓட்டுப் போட்டாச்சு அலீசா. இந்த ஒரு வாரம் போடல. உனக்காக இல்ல, உங்க ஆளுக்காகவும் இல்ல."

 அம்னோன் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் முறை. முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தம்பிக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவனை நீர்த்தொட்டியில் தள்ளிவிட்டுத் தானும் குதித்து, இரண்டு பேரையும் மூன்றாவது ஆள் வந்து தூக்க வேண்டியதாயிற்றாம். யோராம் அதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்துக் கடைசியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நான் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

அப்போது என் போன் அதிர்ந்தது. செய்தி. எங்கள் சுற்றுலா அமைச்சருக்கு நெஞ்சு வலி, ஆம்புலன்சில் கொண்டு போகிறார்கள்.

காலையில் கேன்டீனில் அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு ஷ்னிட்ஸெல் கோழி வறுவல் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். சரி, நெஞ்சு வலி சொல்லிக்கொண்டா வரும்? ஆனால் கணக்கு மாறிவிட்டதே. அவர் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமம். யோராம் எழுந்து வராமலே மசோதா விழும். இப்போது பென்சி பைத்தியம் பிடித்தவன்போல் எனக்குப் போன் பண்ண வேண்டும். ஈடாவது கீடாவது, ஓடி வா என்று கத்த வேண்டும். நான் வர மாட்டேன் என்று பதிலுக்குக் கத்த வேண்டும். அதுதான் வழக்கம்.

போன் வரவில்லை.

நானே பென்சியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிரதமர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். கூட்டத்தில் இருக்கிறார் என்று செயலாளர் பெண் சொன்னாள். நான் அலீசா தர்மோன், மோட்சாவிலிருந்து பேசுகிறேன், வாக்கெடுப்பு விஷயம் என்றேன். தெரியும் மேடம் என்றாள். தெரியுமாம். என்ன தெரியும்?  அத்தனை நேரமும் கதவையும் யோராமின் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நான், முதன்முறையாக அந்தக் காபியை நினைத்துப் பார்த்தேன்.

மறுபடி போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஷ்டார்க்.

"அக்கா, போன் வேலை செய்யுதே" என்றார். குரலில் அசல் ஆச்சரியம்.

"ஏன் வேலை செய்யாது?"

"அரை மணி நேரமா உங்க தலைவர் என் எதிர்ல நின்னு, அலீசா போன் அணைஞ்சு கிடக்கு, ஆள் எங்கேன்னே தெரியல, நாலு பேரத் தேட அனுப்பியிருக்கேன்னு சத்தியம் பண்றாரு. துக்க வீட்டுக்குப் போறேன்னு நீங்களே என்கிட்ட சொன்னீங்களே, எனக்கு என்னவோ பட்டுச்சு. நாமளே அடிச்சுப் பாப்போமேன்னு அடிச்சேன்."

நான் வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒரே வீச்சில் விளங்கிற்று, அந்த நெஞ்சு வலி உட்பட. சட்டம் நிறைவேறினால் பிரதமருக்கு அமெரிக்காவோடும் தளபதிகளோடும் தகராறு. அவரே விழ வைத்தால் ஷ்டார்க் போய்விடுவார், அரசு கவிழும். விழ வேண்டும், ஆனால் அவர் கையால் விழக்கூடாது. பழி வேறு யார் மேலாவது விழுந்தால் ஷ்டார்க்கைச் சமாதானப்படுத்தி அரசிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு ஓடிப்போனவள் வேண்டும். எங்கே போனாள் என்று கேட்டால் காட்டுவதற்கு எதிர்க்கட்சிக்காரன் வீடே தயாராக இருக்கிறது. என் காரும் அவன் வாசலில் ஊர் அறிய நிற்கிறது.

ஷ்டார்க் பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து ஜீப் கிளம்பிவிட்டதாம், பத்து நிமிடத்தில் என்னை வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்துவிடுமாம். மதத்தின் சாப்பாட்டு விதிகூடத் தெரியாத யோராமுக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்கே இல்லையாம், வேண்டுமென்றால் ரபியிடம் எழுதியே வாங்கித் தருவாராம்.

"உங்க ஆளு உங்களைக் குப்பையில போட்டாச்சு அக்கா. வாங்க, ஒரு கையத் தூக்குங்க. என் பட்டியல்ல மூணாவது இடம். எங்க கட்சியில பொம்பளையே இல்லைன்னு திட்டுறாங்கல்ல, அந்த வாயையும் மூடிறலாம்."

யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். உள்ளே போனேன். யோராம் முக்காலியில் அப்படியே இருந்தான். சன்னல் திறந்திருந்தது, என் பேச்சு முழுவதும் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்த விதத்தில் எனக்கு வேறொரு சந்தேகம் முளைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

அவன் முக்காலியில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"காலையில உங்க பிரதமர் போன் பண்ணாரு. துக்கம் விசாரிச்சாரு. ஈடுக்கு யார் வேணும்னு என்கிட்டயே கேட்டாரு. இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"நீ?"

"உங்க பக்கம் ஈட்ட மீறிடும்னு எங்க ஆளுங்க பயந்துட்டிருந்தாங்க. ஷ்டார்க் ஒரு அதட்டல் போட்டா ஓடிப் போயிடாத ஆள் உங்க பக்கத்துல யாருன்னு யோசிச்சேன். உன் பேரைச் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"நானும் அதேதான் நினைச்சேன்னாரு."

"என்னை வெச்சு எதுவோ பண்ணப் போறாருன்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு" என்றான். "கேட்கல. சட்டம் விழணும்னு இருந்துச்சு எனக்கு."

ஓங்கி அறைந்திருப்பேன். துக்க வீடு என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் ஒருத்தரையும் நம்பாமல் பிழைத்தவள் நான். கடைசியில் இரண்டு பேர் என்னை முழுசாக நம்பினார்கள், அந்த நம்பிக்கையாலேயே என்னை முடித்துவிட்டார்கள். வெளியே ஜீப் வந்து ஹாரன் அடித்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். யோராம் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.

வாசலில் ஒரு தடித்த சார்ஜென்ட், வியர்த்துப்போய், ஜீப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சீக்கிரம் மேடம், நேரம் இல்லை என்றான். போனால் என் இடம் பிழைக்கும். பிரதமரின் முகத்தில் கரி பூசிய திருப்தியும் கிடைக்கும். அது எவ்வளவு இனிக்கும் என்று நாக்கிலேயே தெரிந்தது. ஆனால் அவர் முகத்தில் பூச வேண்டிய கரியை ராம்லேயில் என் படிக்கட்டில்தான் கொட்ட வேண்டியிருக்கும். முட்டியில் கட்டோடு நான் படுத்திருந்த நாள் யோராம் உள்ளே போகவில்லை என்பதும் மறந்துபோகவில்லை. அவன் இன்று செய்தது அயோக்கியத்தனம். அதற்காக அன்று செய்தது இல்லை என்று ஆகிவிடாது.

துக்க வீட்டில் இருக்கிறேன், வரவில்லை என்று உன் அமைச்சரிடம் சொல் என்றேன். சார்ஜென்ட் திகைத்தான். இரண்டு பிஸ்கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே வந்து கதவோர நாற்காலியில் பையை மாட்டியபடியே உட்கார்ந்தேன். நீரா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்படியே குடித்தேன்.

ஓட்டுகள் சமமாக விழுந்து மசோதா தோற்றது. யோராமின் போனுக்கு வாழ்த்துகள் வந்து குவிந்தன. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான். கால் மணிக்குள் பிரதமரின் குரல் வானொலியில் கேட்டது. கட்சி உறுப்பினர் ஒருவர் போனை அணைத்துவிட்டு எதிரணி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார், நெஞ்சில் குத்திவிட்டார், கடுமையான நடவடிக்கை இருக்கும் என்றார். நெஞ்சில் குத்திவிட்டார் என்னும்போது குரல் லேசாக நடுங்கியது. கெட்டிக்காரர்.

உடனே என்னைக் கூப்பிட்டார்.

"அலீசா, கண்ணு, கேட்டியா? மனசுல வெச்சுக்காத. அந்த வெறியன அடக்க வேற வழி இல்ல. நாட்டுக்கு நல்லது பண்ணியிருக்கே. உங்க ராம்லேக்கும் நல்லது."

அது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வானொலிக்காரங்க கூப்பிடுவாங்க. போன்ல சார்ஜ் போயிடுச்சுன்னு சொல்லு. நீ போன எடுத்தேன்னு ஷ்டார்க் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டு வாரம் வாயத் திறக்காத. பட்டியல்ல ஏழாவது இடம் உனக்குன்னு பென்சிகிட்ட சொல்லியாச்சு."

ஏழாவது இடம் என்றால் நிச்சயமான இடம். ஒன்பது வருடத்தில் நான் கனவிலும் காணாத எண். ஒரே ஒரு பொய், அதுவும் யாருக்கும் வலிக்காத பொய். சார்ஜ் போகாத போன் உலகத்தில் உண்டா?

வானொலிக்காரன் கூப்பிட்டான். நேரலையில் இருக்கிறீர்கள் என்றான். உங்கள் போன் அணைந்திருந்தது என்று பிரதமர் சொல்கிறாரே, என்ன ஆயிற்று என்று கேட்டான். யோராம் இப்போதுதான் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். எனக்கு நகராட்சி மேசை ஞாபகம் வந்தது. அதன் ஒரு கால் குட்டை, காகிதம் மடித்து முட்டுக் கொடுத்திருப்போம். 

"அணையல" என்றேன். "காலையிலேருந்து ஆன்லதான் இருக்கு. பிரதமர் என்னைக் கூப்பிடவே இல்ல. இங்க போய் உட்காருன்னு அனுப்பினதே அவர்தான். நம்பலைன்னா ஷ்டார்க்கக் கேளுங்க. அவர் அடிச்சப்ப நான் எடுத்தேன்."

வானொலிக்காரன் ஒரே நேரத்தில் மூன்று கேள்வி கேட்டான். நான் வைத்துவிட்டேன். வைத்த கையோடு பென்சி அடித்தான், பிரதமர் அடித்தார், மறுபடி பென்சி. எடுக்கவில்லை. ஷ்டார்க் இனி ஒரு நாள்கூட அரசில் இருக்க மாட்டார். வாரம் முடிவதற்குள் அரசு போய்விடும். அதற்கு முன்பே நான் போய்விடுவேன்.

"உன் சீட்டு போச்சே, அலீசா" என்றான் யோராம்.

"தெரியும்."

"நாங்க உனக்கு ஏதாவது..."

"வேண்டாம்" என்றேன். "நீங்க கொடுத்த மரியாதையே போதும்."

எழுந்தேன். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. எங்கள் குடும்பங்களில் அது சின்ன வாக்கியம். அவனுக்கு அதைச் சொல்ல எனக்கு மனமே இல்லை. ஆனால் அம்னோன் செத்தது பொய் இல்லை, சட்டை கிழிந்திருந்ததும் பொய் இல்லை. வானத்திலிருந்து உனக்கு ஆறுதல் வரட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவன் மன்னிப்புக் கேட்டான். இரண்டு தடவை கேட்டான். நான் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வழக்கம் ஒன்றும் கிடையாது. நான் அழுதுகொண்டிருந்தேன், அதை அவன் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.